பழைய ஃபோர் பை ஃபோர் வண்டிக்கு ஹீட்டட் சைடு மிரர்: ஒயர் இழுக்கிறதுலேர்ந்து பேட் ஒட்டற வரைக்கும் முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்துக்கிட்டு ஹீட்டட் மிரர் மாட்டப்போறேன்னு சொன்னா எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க, ஜூலை மாசத்துலகூட பீச்ல ஆளுங்க குளிக்கிற ஊரு இது. ஆனா அதே வண்டிய எடுத்துக்கிட்டு என்3 ஹைவேல ஏறி பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டினதும் டவுன் ஹில் மூடுபனி, அதுக்கு மேல மிட்லாண்ட்ஸ் குளிர், அப்படியே அண்டர்பெர்க் போய் ஒரு ராத்திரி தங்கிட்டு காலைல சானி பாஸ் மலைப்பாதைல ஏறலாம்னு கிளம்பினீங்கன்னா வண்டி மேல வெள்ளையா உறைபனி படிஞ்சு கிடக்கும். சானி பாஸ் உச்சி 2876 மீட்டர். நம்ம ஊர்ல ஆடிக்கு கூழ் ஊத்தறப்ப வெயில் காயும், இங்க மாரியம்மன் கோயில்ல ஆடிக் கூழ் காய்ச்சற நேரம்தான் மலையில கடுங்குளிர், பனி விழற சீசனே அதுதான். சில வருஷம் செப்டம்பர்லயும் விடறதில்ல, 2024 செப்டம்பர்ல வான் ரீனன் பாஸ் பக்கம் பனி கொட்டி என்3யே மூடி, வண்டிங்க ராத்திரி முழுக்க ரோட்டுலயே நின்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

முன் கண்ணாடிக்கு உள்ளேர்ந்து சூடான காத்து அடிக்குது, கதவு கண்ணாடிக்கும் டேஷ்போர்டு ஓரத்துல ஒரு வென்ட் இருக்கு, பின் கண்ணாடிக்கு கோடு கோடா டெமிஸ்டர் இருக்கு. சைடு மிரருக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது, அது பாவம் வெளிய தொங்குது. துணியால துடைச்சா அஞ்சு நிமிஷத்துல திரும்ப மூடிக்கும், ஏன்னா கண்ணாடியே சுத்தி இருக்கிற ஈரக்காத்த விட ஜில்லுனு இருக்கு, அது சூடானாத்தான் பிரச்சனை தீரும். கெட்டில்ல தண்ணி கொதிக்க வெச்சு ஊத்தற வேலை மட்டும் வேண்டாம், உறைஞ்ச கண்ணாடி படக்குனு விரிசல் விட்டுடும்.

நான் இங்க உதாரணமா வெச்சுக்கிறது 90கள்ல வந்த லேண்ட் க்ரூசர் 80 சீரிஸ், அதுக்கப்புறம் அதே காலத்து ஹைலக்ஸ் பக்கி, அதாவது பிக்கப் வண்டி. பஜேரோ, இசுஸு எதுவா இருந்தாலும், மிரர் கதவுல மாட்டியிருந்தா வேலை ஒண்ணுதான்.

வாங்கறதுக்கு முன்னாடி மிரரப் பாருங்க

சில வண்டிக்கு குளிர் நாட்டு மாடல்ல கம்பெனியே ஹீட்டர் குடுத்திருக்கும், ஜப்பான்லேர்ந்து வந்த பழைய வண்டில இது இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடி மூலைல பின் டெமிஸ்டர் பட்டன்ல இருக்கிற மாதிரி மூணு நெளிஞ்ச அம்புக்குறி போட்டிருக்கா பாருங்க. இல்லன்னா கண்ணாடிய ஒரு பக்கம் முழுசா சாய்ச்சு வெச்சு சந்து வழியா டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, பின்தட்டுல ஒயர் மாட்டற ரெண்டு சின்ன பித்தளை நாக்கு, அதாவது ஸ்பேட், நீட்டிக்கிட்டு இருந்தா அது ஹீட்டட் கண்ணாடி. அதுல மல்டிமீட்டர வெச்சு ஓம் பாருங்க, ஒத்தை இலக்கத்துலயோ பத்து இருபதுக்குள்ளயோ ஏதாவது காட்டினா ஹீட்டர் உயிரோட இருக்கு, ஒயர்தான் எங்கயோ போச்சுன்னு அர்த்தம், பாதி வேலை மிச்சம்.

அடுத்தது வோல்ட். பெரும்பாலான வண்டி 12 வோல்ட்தான், ஆனா பழைய டீசல் லேண்ட் க்ரூசர் சிலதும், ஆர்மி ஏலத்துல வந்த வண்டிங்களும் 24 வோல்ட். ரெண்டு பேட்டரி இருக்கிறத மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, ரெண்டையும் பேரலலா போட்டு 12 வோல்ட்ல ஓடற வண்டியும் உண்டு, மீட்டர வெச்சே பாருங்க. 24 வோல்ட்டா இருந்தா கண்ணாடி முதுகுல ஒட்டற 12 வோல்ட் ஹீட்டர் பேட ரெண்டையும் சீரிஸ்ல போட்டா ஓடும், ரெண்டும் ஒரே வாட்டா இருக்கணும், ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணும் சேர்ந்து நிக்கும், அது தெரிஞ்சு செய்யுங்க.

என்ன என்ன வேணும்

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அதே வண்டிக்கு ஹீட்டரோட வர்ற கண்ணாடியா வாங்கறது. கிடைச்சா நிம்மதி, ஆனா பழைய வண்டிக்கு அதத் தேடி அலையறதுக்குள்ள குளிர்காலமே முடிஞ்சுடும். இன்னொண்ணு, பின்னாடி ஒட்டற ஹீட்டர் பேட், மெல்லிசா ப்ளாஸ்டிக் ஷீட் மாதிரி, ஒரு பக்கம் பசையோட வரும். நான் பேட் பக்கம்தான். உங்க ஒரிஜினல் கண்ணாடியே இருக்கும், அதோட வளைவும் மாறாது.

பேட்ல ரெண்டு ரகம். அலுமினிய ஃபாயில் பாதை பாம்பு மாதிரி ஓடற ரகத்த வெட்டவே கூடாது, ஒரு இடத்துல அறுந்தா மொத்தமும் செத்துச்சு. பிடிசி ரகம் சூடாக சூடாகத் தானே கரண்டக் குறைச்சுக்கும், விலை கூட, ஆனா யாராவது ஆஃப் பண்ண மறக்கிற வீடா இருந்தா அதையே வாங்கிடுங்க. சைஸ் எடுக்கறப்ப கண்ணாடிய விட சுத்தியும் அஞ்சு மில்லிமீட்டர்லேர்ந்து ஒரு சென்டிமீட்டர் சின்னதா எடுங்க, ஓரத்தத் தாண்டி நீட்டக்கூடாது.

வாட் எவ்வளவுன்னு கேப்பீங்க. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாக்கலாம். நடுத்தரமான மிரர் ஒரு 300 சதுர சென்டிமீட்டர் இருக்கும், அது மேல கெட்டியா உறைபனி படிஞ்சா ஒரு 20 கிராம் ஐஸ்னு வெச்சுக்கோங்க. ஒரு கிராம் ஐஸ உருக்க 334 ஜூல் வேணும், அப்ப 20 கிராமுக்கு 6,680 ஜூல். 15 வாட் பேட் வினாடிக்கு 15 ஜூல்தான் குடுக்கும், அதுவே ஏழரை நிமிஷம் ஆச்சு, காத்துலயும் பின்னாடி ப்ளாஸ்டிக்லயும் போற சூட்டையும் சேர்த்தா பத்து நிமிஷத்த தாண்டிடும். அதனால அஞ்சு வாட் ஆறு வாட்னு போட்டு விக்கிறத எல்லாம் வாங்காதீங்க, அது மூடுபனிக்கு வேணா ஆகும், உறைபனிக்கு ஆகாது. 15லேர்ந்து 20 வாட் சரியா இருக்கும்.

மத்தபடி வாங்க வேண்டியது: நாலு கால் ரிலே (சின்ன கரண்டால பெரிய கரண்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்) ஒண்ணு அதோட சாக்கெட்டும், பேட்டரி பக்கத்துல வைக்க ப்யூஸ் ஹோல்டர், 5 ஆம்ப் ப்யூஸ் கொஞ்சம் எக்ஸ்ட்ராவா, லைட் வர்ற சுவிட்ச் ஒண்ணு, 1 சதுர மில்லிமீட்டர் ஒயர், உள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க், ஸ்பேட் டெர்மினல், நல்ல கிரிம்ப் ப்ளையர், துளை ஓரம் ஒயர அறுக்காம இருக்க மாட்டற ரப்பர் கிராமெட், கேபிள் டை. ஒயர் வாங்கறப்ப கடல் போட்டுக்கு விக்கிற டின் பூசின ஒயர் கிடைச்சா அதையே வாங்குங்க. டர்பன், டோங்காட் மாதிரி கடலோரத்துல நிக்கிற வண்டிக்கு சாதா செம்பு ஒயர் இன்சுலேஷனுக்கு உள்ளயே பச்சை பூத்து கறுத்துடும், வெளிய பாத்தா புதுசா இருக்கும், உரிச்சாத்தான் தெரியும்.

கண்ணாடிய கடைசியா தொடுங்க

வழக்கமா எல்லாரும் முதல்ல கண்ணாடியக் கழட்டி பேட ஒட்டி, அப்புறம் ஒயருக்கு வழி தேடுவாங்க. நான் தலைகீழாத்தான் சொல்லுவேன். பேட் ஒட்டறது அரைமணி நேர வேலை, கதவு வழியா ஒயர் கொண்டு வர்றதுதான் இந்த வேலைல முக்கால்வாசி, அது எப்ப முடியும்னு சொல்லவும் முடியாது. கண்ணாடியக் கழட்டிட்டு ஒயர் போகலன்னா மறுநாள் வேலைக்கு மிரர் இல்லாம எப்படிப் போவீங்க? ஒயர மிரர் கூட்டு வரைக்கும் கொண்டு வந்து நிறுத்திட்டா, கண்ணாடிய எந்த ஞாயித்துக்கிழமை வேணாலும் ஆற அமர செய்யலாம்.

பேட்டரி மைனஸக் கழட்டிட்டு ஆரம்பிங்க, ரேடியோ கோடு கேக்கிற வண்டின்னா கோட முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க. பவர் விண்டோன்னா கண்ணாடிய முழுசா மேல ஏத்தி விட்டுட்டு பேட்டரியக் கழட்டுங்க.

கதவு வழியா ஒயர்

டோர் ட்ரிம், அதாவது கதவோட உள்பக்க அட்டை, கழட்டறது வண்டிக்கு வண்டி மாறும், பொதுவா கைப்பிடிக்குள்ள ரெண்டு ஸ்க்ரூ, உள் லாக் லீவர் பின்னாடி ஒண்ணு, மிரருக்கு உள்பக்கம் முக்கோணமா ஒரு ப்ளாஸ்டிக் மூடி, அப்புறம் ஓரம் முழுக்க க்ளிப். சுத்தற விண்டோ ஹேண்டில்னா அதுக்குப் பின்னாடி குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பி க்ளிப் இருக்கும், ஒரு பழைய துணிய ஹேண்டிலுக்கும் ட்ரிம்முக்கும் நடுவுல விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தா துணி க்ளிப்ப மாட்டி இழுத்துக்கிட்டு வந்துடும், எங்க தெறிச்சு விழுதுன்னு பாத்துக்கோங்க. ட்ரிம் க்ளிப்ப ஸ்க்ரூடிரைவரால நெம்பாதீங்க, முப்பது வருஷ ப்ளாஸ்டிக், அப்பளம் மாதிரி நொறுங்கும்.

ட்ரிம்முக்குப் பின்னாடி ஒரு ப்ளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும், கறுப்புப் பசையோட. அதக் கிழிச்சுப் போட்டுட்டு வேலைய முடிக்கிற மெக்கானிக்குங்க நிறைய பேர் இருக்காங்க. அந்த ஷீட்டுதான் மழைத் தண்ணி கதவுக்குள்ள இறங்கறப்ப கேபினுக்குள்ள வராம கீழ வடிகால் ஓட்டைக்கு அனுப்புது. மெதுவா ஒரு மூலைலேர்ந்து உரிச்சு, பசையோட அப்படியே மடிச்சு வெச்சுட்டு, கடைசில அழுத்தி ஒட்டுங்க, பசை காய்ஞ்சிருந்தா ப்யூட்டைல் டேப் ஒரு சுத்து போடுங்க.

இப்ப மிரர் கூட்டுலேர்ந்து ஒயர் எப்படி உள்ள வரும்னு பாக்கணும். எலக்ட்ரிக் மிரர்னா மோட்டார் ஒயர் போற ஓட்டை ஏற்கனவே இருக்கு, அது வழியாவே உங்க ரெண்டு ஒயரையும் விடலாம். கையால திருப்பற மிரர்னா மூணு ஸ்க்ரூவோ நட்டோ கழட்டி மிரர மொத்தமா வெளிய எடுத்துப் பாருங்க, மிரர் கழுத்து பெரும்பாலும் உள்ள காலியாத்தான் இருக்கும். ஸ்ப்ரிங் இருக்கிற மடக்கு மிரர்னா ஸ்ப்ரிங்குக்கு நடுவால ஒயர் போகணும், பக்கவாட்டுல போனா நாலு தடவை மடக்கினதும் அறுத்துடும். மடக்கி விரிச்சு பாத்து, ரெண்டு நிலைலயும் ஒயர் டைட்டாகாம இருக்கிற அளவு விட்டுத்தான் கட்டணும்.

கதவுக்குள்ள ஒயர விண்டோ கண்ணாடி இறங்கற பாதைலேர்ந்து தள்ளி, முன் ஓரத்துல, தகட்டோட ஒட்டி கேபிள் டை போட்டுக் கொண்டு வாங்க. பதினஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு டை. சானி பாஸ் கல்லுப் பாதைல வண்டி நடுங்கற நடுக்கத்துல தொங்கற ஒயர் எதையாவது உரசிக்கிட்டே இருக்கும், உரசற ஒயர் ஒரு நாள் எர்த் ஆகும்.

அடுத்தது கதவுக்கும் ஏ பில்லருக்கும் (முன் கதவு கீல் மாட்டியிருக்கிற தூண்) நடுவுல. 80 சீரிஸ் மாதிரி பவர் விண்டோ வண்டின்னா மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் குழாய் இருக்கும், அதுக்குள்ள ஏற்கனவே ஒயர் கத்தையா போகும். ரெண்டு முனையையும் நெம்பி எடுத்துட்டு, கெட்டியான கம்பி ஒண்ணோட நுனிய வளைச்சு டேப் சுத்தி மழுங்கலாக்கி உள்ள விட்டு, அது கூட உங்க ஒயரக் கட்டி இழுக்கணும். வழுக்கறதுக்கு சிலிக்கான் ஸ்ப்ரே, இல்லன்னா பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு. பெட்ரோலிய எண்ணெய் எதையும் அடிக்காதீங்க, ரப்பர் ஊதிப் போயிடும். அவசரத்துல அண்டாக்குள்ளயே கை நுழையாதுன்னு சொல்லுவாங்க, இங்க இருக்கிறது விரல் தடிமன் குழாய், இழுத்துப் பிடிச்சு இருக்கிற ஒயர அறுத்துட்டீங்கன்னா விண்டோ, லாக், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து போகும். மஞ்சள் உறை போட்ட ஒயரோ கனெக்டரோ கண்ணுல பட்டா அது ஏர்பேக், அதுல மீட்டர் கூட வைக்காதீங்க.

ஹைலக்ஸ் பக்கி, பழைய 75 சீரிஸ் மாதிரி கையால சுத்தற கதவுல அந்த ரப்பர் குழாயே இருக்காது. இங்கதான் துளை போடணும், நிறைய பேர் இந்த இடத்துல பயந்து விட்டுடறாங்க. பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா ரெண்டு விஷயம் கவனிக்கணும். முதல்ல, சில மாடல்ல மேல் ரக வண்டிக்காக கம்பெனியே துளை போட்டு ரப்பர் மூடி வெச்சு அடைச்சிருக்கும், கீல் இருக்கிற பக்கம் பெயிண்ட்டுக்கு அடில கையால தடவிப் பாருங்க. இருந்தா அதிர்ஷ்டம். இல்லன்னா ரெண்டு கீலுக்கும் நடுவுல, கதவுல ஒண்ணு பில்லர்ல ஒண்ணுன்னு ரெண்டு துளை, ஆனா ரெண்டும் நேருக்கு நேரா வேண்டாம், பில்லர் துளை மூணு நாலு சென்டிமீட்டர் மேலயோ கீழயோ இருக்கட்டும். நேரா இருந்தா கதவு திறந்து மூடறப்ப ஒயர் ஒரே இடத்துல மடியும், மடிஞ்ச இடத்துல செம்பு இழை ஒண்ணொண்ணா முறியும். உயரம் மாறி இருந்தா ஒயர் மடியாம முறுக்கிக்கும், முறுக்கிக்கிற ஒயர் வருஷக்கணக்கா தாங்கும்.

துளை போடறதுக்கு முன்னாடி தகட்டுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாத்துட்டு, ட்ரில் பிட்ல நுனிய விட்டு மீதிய டேப் சுத்திக்கோங்க, உள்ள ரொம்ப பாயாம இருக்கும். துளை போட்டதும் ஓரத்த ராவி, பெயிண்ட் போன வெறும் தகட்டுல ஜிங்க் ப்ரைமர் வெச்சு, காய்ஞ்சதும் டச்சப் பெயிண்ட் வெச்சு, அப்புறம்தான் கிராமெட். பெயிண்ட் காயறதுக்கு காத்திருக்க பொறுமை இல்லாதவங்க கடல் காத்து இருக்கிற ஊர்ல தகட்டுல கை வைக்கவே கூடாது. கதவுக்கும் பில்லருக்கும் நடுவுல தெரியற ஒயருக்கு நெளியற உறை ஒண்ணு போட்டு, கதவு முழுசா திறந்த நிலைல கொஞ்சம் தொய்வு இருக்கிற மாதிரி விடுங்க, அந்தத் தொய்வு துளைய விட தாழ்வா தொங்கணும், அப்பதான் தண்ணி ஒயர் வழியா ஓடி வந்து துளைக்குள்ள போகாம கீழ சொட்டும். இந்த ஆடற பகுதில எந்த ஜாயின்ட்டும் வேண்டாம், சால்டர் சுத்தமா வேண்டாம், சால்டர் ஏறின ஒயர் கம்பி மாதிரி விறைச்சுக்கும், அது முடியற இடத்துல முறியும்.

ரிலே, ப்யூஸ், சுவிட்ச்

15 வாட் பேட் ரெண்டு சேர்ந்தா 12 வோல்ட்ல 30 வாட், ரெண்டரை ஆம்ப். ஆனா என்ஜின் ஓடறப்ப 12 வோல்ட் இருக்காது, 14 கிட்ட இருக்கும், அப்ப ஒவ்வொரு பேடும் 20 வாட் இழுக்கும், ரெண்டும் சேர்ந்து மூணு ஆம்ப்புக்கு ஒரு முடி கம்மி. 5 ஆம்ப் ப்யூஸ் கச்சிதம். பிடிசி பேட் ஆன் பண்ணின நொடில கூடுதலா இழுக்கும், அதுக்கும் 20 வாட் பேடுக்கும் 7.5 போட்டுக்கலாம், 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் அதையும் தாங்கும்.

இவ்வளவு கம்மி கரண்டுக்கு ரிலே எதுக்கு, நேரா சுவிட்ச்சுலேர்ந்தே குடுக்கலாமேன்னு கேட்டா, குடுக்கலாம், ஓடும். நான் ரிலே போடச் சொல்றது கரண்டுக்காக இல்ல, சாவிய எடுத்ததும் தானா ஆஃப் ஆகணும்ங்கிறதுக்காக. என்ஜின் நின்னப்புறம் ரெண்டரை ஆம்ப் ராத்திரி பத்து மணி நேரம் ஓடினா இருபத்தஞ்சு ஆம்ப் ஹவர், மலை மேல குளிர்ல ஏற்கனவே சோர்ந்து போன பேட்டரிக்கு அது போதும், காலைல டீசல் என்ஜின் சுத்தாது.

ரிலே காலுல நம்பர் இருக்கும். 30க்கு பேட்டரி ப்ளஸ்லேர்ந்து ப்யூஸ் வழியா வர்ற ஒயர், ப்யூஸ் பேட்டரிலேர்ந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும், ஏன்னா பேட்டரிக்கும் ப்யூஸுக்கும் நடுவுல இருக்கிற ஒயர யாரும் காப்பாத்த மாட்டாங்க. 87லேர்ந்து ரெண்டு மிரருக்கும் ப்ளஸ் பிரிஞ்சு போகும். 85 எர்த். 86க்கு சுவிட்ச் வழியா இக்னிஷன் கரண்ட். ரிலே காயில் ஒரு கால் ஆம்ப் கூட இழுக்காது, அதனால சுவிட்ச் ஒயர் மெலிசா இருந்தாலும் போதும். உள்ள டயோடு இருக்கிற ரிலேன்னா 86தான் ப்ளஸ், மாத்தினா டயோடு போயிடும்.

இக்னிஷன் கரண்ட் எடுக்கறதுக்கு ப்யூஸ் பாக்ஸ்ல சாவி போட்டா 12 வோல்ட், எடுத்தா ஸீரோ காட்டற ஒரு ப்யூஸத் தேடுங்க, அந்த ப்யூஸ் இடத்துல சொருகி தனி ஒயர் எடுக்கிற ப்யூஸ் டேப் (tap) ஒண்ணு போட்டா போதும், வண்டி ஒயர வெட்டவே வேண்டாம். நீல கலர்ல ஒயர் மேல கடிச்சு நிக்கிற இணைப்பு க்ளிப் கடையில ஈஸியா கிடைக்கும், அத வாங்காதீங்க, ரெண்டு மழைக்கு அப்புறம் பச்சை பூத்து நிக்கும்.

எர்த் ஒயர அந்தந்த கதவுத் தகட்டுலயே அடிச்சு விட்டா ஒரு ஒயர் மிச்சம்னு தோணும். கதவுக்கு எர்த் போறது கீல் வழியா, கீல்ல க்ரீஸும் துருவும், நம்ப முடியாது. ரெண்டு ஒயரா இழுத்து கேபினுக்குள்ள கிக் பேனல் (கால் வைக்கிற இடத்தோட பக்கச் சுவர்) பக்கம் இருக்கிற கம்பெனி எர்த் போல்ட்ல குடுங்க. டொயோட்டால வெள்ளைல கறுப்பு கோடு போட்ட ஒயர்தான் எர்த், பழைய லேண்ட் ரோவர்ல முழுக் கறுப்பு.

பின் கண்ணாடி டெமிஸ்டர் இருக்கிற வண்டின்னா தனி சுவிட்ச்சே வேண்டாம், அந்த டெமிஸ்டர் ஒயர 86க்கு சிக்னலா எடுத்துக்கிட்டா ஒரே பட்டன்ல மூணு கண்ணாடியும் சூடாகும், டைமர் இருந்தா தானா நின்னும் போகும். பேடுக்கான கரண்ட மட்டும் அதுலேர்ந்து எடுக்காதீங்க. எடுக்கறதுக்கு முன்னாடி மீட்டர வெச்சு பட்டன் அழுத்தறப்ப அந்த ஒயர்ல 12 வோல்ட் வருதான்னு பாருங்க, சில ஜப்பான் வண்டில சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும், அப்ப 86க்கு இக்னிஷனும் 85க்கு அந்த ஒயரும் போகும். சிங்கிள் கேப் பக்கில டெமிஸ்டரே கிடையாது பெரும்பாலும், தனி சுவிட்ச்தான், லைட் எரியற சுவிட்ச்சா போடுங்க.

இப்ப கண்ணாடி

விடியக்காலைல குளிர்ல இத ஆரம்பிக்காதீங்க, நல்லா வெயில் ஏறினப்புறம் செய்யுங்க, ப்ளாஸ்டிக் இளகி இருக்கும். கையுறை, கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மிரர் முகத்துல மாஸ்கிங் டேப் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிடுங்க, உடைஞ்சாலும் சில்லு மடியில கொட்டாது.

எலக்ட்ரிக் மிரர்ல கண்ணாடி ஒரு ப்ளாஸ்டிக் பின்தட்டுல ஒட்டி, தட்டு மோட்டார்ல க்ளிப் ஆகியிருக்கும். உள் ஓரத்த அழுத்தி வெளி ஓரத்த வெளிய வரவெச்சு, ப்ளாஸ்டிக் நெம்புகோல் விட்டு மெதுவா இழுத்தா டக் டக்னு க்ளிப் விடும். சில மிரர்ல அடில சின்ன ஓட்டை வழியா ஒரு வளைய க்ளிப்ப தள்ளணும், முதல்ல அந்த ஓட்டை இருக்கான்னு பாருங்க. பழைய கை மிரர்ல கண்ணாடி நேரா கூட்டுலயே பசையாலயோ ரப்பர் விளிம்பாலயோ நிக்கும்.

பேட் கண்ணாடியோட முதுகுலயே ஒட்டணும், பின்தட்டுக்குப் பின்னாடி ஒட்டினா ப்ளாஸ்டிக்க சூடாக்கிட்டு இருக்கும், கண்ணாடிக்கு ஒண்ணும் போகாது. அதனால தட்டுலேர்ந்து கண்ணாடியப் பிரிக்கணும். ஹேர் ட்ரையர ஒரே இடத்துல வைக்காம சுத்தி சுத்தி காட்டி, பசை இளகினதும் மெல்லிசான தூண்டில் நரம்ப பின்னாடி விட்டு ரம்பம் மாதிரி இழுங்க, பசைய அறுத்துக்கிட்டே போகும். கண்ணாடி வளையற மாதிரி எங்கயும் நெம்பாதீங்க.

பிரிஞ்சப்புறம் முதுகுல ஒட்டியிருக்கிற பழைய பசைய விரலால உருட்டி உருட்டி எடுங்க. ப்ளேடு போட்டா வெள்ளிப் பூச்சு போச்சு, முன்னாடியேர்ந்து பாத்தா கோடு தெரியும். தின்னர், அசிட்டோன் முதுகு பெயிண்ட்டக் கரைச்சுடும், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் துணில தொட்டு லேசா துடைச்சா போதும். பிரிக்கறப்ப கண்ணாடி உடைஞ்சதுன்னா, தட்டைக் கண்ணாடின்னா கண்ணாடிக் கடைல அட்டையில வரைஞ்சு குடுத்தா மெல்லிசு கண்ணாடிய வெட்டிக் குடுப்பாங்க. இடது பக்கம் பேசஞ்சர் மிரர் பெரும்பாலும் வெளிப்புறம் உப்பின கண்ணாடி, அதுக்கு தட்டை போட்டா பக்கத்து லேன் பாதி மறைஞ்சுடும், அதுக்கு சரியான கண்ணாடியே வாங்கணும்.

ஒட்டறதுக்கு முன்னாடி பேட மீட்டர்ல பாருங்க, 15 வாட்டுக்கு ஒம்பதரை ஓம் சுத்தி வரும். கண்ணாடி வெதுவெதுன்னு இருக்கணும், ஈரம் துளிகூட இருக்கக்கூடாது. பேப்பர முழுசா உரிக்காம ஒரு ஓரம் மட்டும் உரிச்சு நேரா உக்கார வெச்சு, பழைய பேங்க் கார்டால தள்ளிக்கிட்டே மீதிய உரிச்சுக்கிட்டு போங்க. காத்துக் குமிழி மாட்டினா அந்த இடத்துல சூடு கண்ணாடிக்குப் போகாம பேட்லயே தங்கி ஃபாயில் எரியும், உப்பின கண்ணாடில இது அதிகம் ஆகும், நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தள்ளுங்க. ஸ்பேட் ரெண்டும் பின்தட்டுல இருக்கிற ஏதாவது ஓட்டைக்கு நேரா வரணும், ஓட்டை இல்லன்னா தட்டுல ஒரு சின்ன சந்து வெட்டிக்கோங்க. ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்க, பசை பிடிக்கட்டும்.

திரும்ப தட்டுல ஒட்டறதுக்கு வெளிப்புற டபுள் டேப், இல்லன்னா ந்யூட்ரல் சிலிக்கான். வினிகர் வாசம் அடிக்கிற சாதா பாத்ரூம் சிலிக்கான் எடுக்கவே எடுக்காதீங்க, அதுலேர்ந்து வர்ற அமிலம் வெள்ளிப் பூச்சையும் செம்பு டெர்மினலையும் தின்னும், சில மாசத்துல கண்ணாடி ஓரத்துல கறுப்பா படரும். பேடுல ப்ளஸ் மைனஸ் வித்தியாசம் கிடையாது, எப்படி மாட்டினாலும் சூடாகும். ஸ்பேட்ல கொஞ்சம் டைஎலக்ட்ரிக் க்ரீஸ் தடவி மாட்டி, எலக்ட்ரிக் மிரர்னா கண்ணாடி நாலு பக்கமும் திரும்பற அளவு ஒயர விட்டு க்ளிப் பண்ணுங்க. அடில வடிகால் ஓட்டை இருந்தா சிலிக்கான் போட்டு அடைச்சுடாதீங்க.

சரியா வேலை செய்யுதான்னு பாக்கறது

பேட்டரிய மாட்டி, என்ஜின ஓட விட்டு, ஆன் பண்ணி மிரர் ஸ்பேட்ல வோல்ட் பாருங்க, அப்புறம் பேட்டரில பாருங்க. வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போக வர பத்து மீட்டர் இருந்தாலும் கால் வோல்ட் கிட்டதான் இழக்கும், அதுக்கு மேல ரொம்ப போச்சுன்னா ஒயர் குத்தமில்ல, எங்கயோ கிரிம்ப் லூஸ் இல்லன்னா எர்த் போல்ட்டுக்கு அடில பெயிண்ட். அஞ்சு நிமிஷம் கழிச்சு கண்ணாடில உள்ளங்கைய வைங்க, வெதுவெதுன்னு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும், கைய எடுக்கிற அளவு சுடற இடம் இருந்தா அங்க குமிழி இருக்கு. சாவிய எடுங்க, ரிலே டிக்குனு விடற சத்தம் கேக்கணும். கதவ பத்து தடவை திறந்து மூடிக்கிட்டே யாரையாவது சுவிட்ச் லைட்டயும் மிரர்ல மாட்டின மீட்டரயும் பாக்கச் சொல்லுங்க, விட்டு விட்டு வந்தா பில்லர் துளைகிட்ட ஒயர் இழுபடுது.

அதுக்கப்புறம்தான் டோர் ட்ரிம்ம மூடுங்க. மூடறதுக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணிய விண்டோ ஓரமா ஊத்தி, கீழ வடிகால் வழியா மட்டும்தான் வருதா, கிக் பேனல் கார்பெட் காய்ஞ்சு இருக்கான்னு தடவிப் பாத்துடுங்க. முதல் தடவை சரளை ரோட்டுல போயிட்டு வந்ததும் பில்லர் பக்க உறையையும் ரிலே சாக்கெட்டையும் ஒரு தரம் அழுத்திப் பாருங்க. 5 ஆம்ப் ப்யூஸ் ரெண்ட க்ளவ் பாக்ஸ்ல போட்டு வைங்க, சானி பாஸ் மேல ஸ்பேர்ஸ் கடை கிடையாது.